வண்டியில் குச்சி கொண்டுபோகும் முறை

ஜூன் 2, திங்கள்

கம்பெனியில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து டிவி ஸ்டாண்டில் சும்மா கிடந்தது. இன்று தூசி தட்டி எடுத்துவிட்டேன். எழுத ஒரு விஷயம் வந்திருக்கிறது.

மகள் மௌனிகாவுக்குச் சொந்தமாகக் குச்சி வந்துவிட்டது. பூல் ஆடுகிற குச்சி. "குச்சி இல்லப்பா, க்யூ" என்று பத்துத் தடவை திருத்திவிட்டாள். மரத்தில் கடைந்து, முனையில் சாக்பீஸ் தேய்த்து, பந்தை இடிக்கிற சாமான். எனக்கு அது குச்சிதான். ஹோப் காலேஜ் பக்கம் கிளப் வைத்திருக்கிற பெனடிக்ட் கொடுத்தது. போன மாதம் அவர் கிளப்பில் ஆண்களையும் சேர்த்து வைத்த போட்டியில் இவள் எல்லாரையும் ஓட்டிவிட்டாள், அதற்குப் பரிசு. கூடவே பழைய குச்சி ஒன்று, ஆட்டத்தின் முதல் அடிக்கு.

இதுவரை கிளப்பில் கிடக்கிற குச்சியை வைத்து ஆடினாள், பஸ்ஸில் போய் வந்தாள். இனி பஸ் ஆகாதாம்.

"கூட்டத்துல யாராச்சும் சாஞ்சாங்கன்னா அவ்ளோதாம்ப்பா. உங்ககூடவே வந்தர்றேன். நீங்க போற வழிதானே?"

வழிதான். ஒண்டிப்புதூரில் கிளம்பி, சிங்காநல்லூர், காமராஜர் ரோடு, ஹோப் காலேஜில் இவளை இறக்கிவிட்டு நான் பீளமேடு கம்பெனிக்குப் போய்விடலாம். பகலெல்லாம் அங்கே ஆடிப் பழகிக்கொண்டு கவுண்டரையும் பார்த்துக்கொள்வாள். சாயங்காலம் நானே கூட்டி வந்துவிடலாம்.

ஜூலை 27 மாவட்டத் தேர்வு. இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட பெண்களில் ஒரே ஒருத்தியை மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள். போன வருடம் கடைசிப் பந்தைத் தவறவிட்டு வந்து ரெண்டு நாள் சாப்பிடவில்லை. வருகிற செப்டம்பரில் வயது தாண்டிவிடும். ஆக இதுதான் கடைசி.

என் பொறுப்பு, அதுவரைக்கும் குச்சி வளையாமல், நனையாமல், இடிபடாமல் போய் வர வேண்டும். மோட்டார் பம்ப் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவன் நான். அங்கே எந்தக் கோளாறு வந்தாலும் மூன்று வரி எழுதுவோம். குறை, காரணம், நடவடிக்கை. இங்கேயும் அப்படியே எழுதப்போகிறேன்.

ஜூன் 5, வியாழன்

குறை: வீட்டு கேட்டில் குச்சிப் பை இடித்தது.

காரணம்: பையின் நீளம். பாதியில் கழற்றுகிற குச்சி என்றால் ரெண்டரை அடியோடு போய்விடும். இது முக்கால் பாகத்தில் கழல்கிற ரகம், பெரிய துண்டு மட்டுமே நாலடி. நான் அதை முதுகில் குறுக்காக மாட்டியிருந்தேன். மேல் முனை இடது தோளுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது.

நடவடிக்கை: நாளை முதல் நேராக, செங்குத்தாக.

கேட்டில் பெயின்ட் பெயர்ந்துவிட்டது. "இருவது வருசமா அந்த கேட்டு அங்கதானுங் இருக்குது" என்றாள் சாந்தாமணி. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இந்த வாய் அவளுக்கு.

ஜூன் 9, திங்கள்

செங்குத்தும் சரிப்படவில்லை. மௌனிகா முதுகில் மாட்டினால் அவள் தலைக்கு மேல் ஒன்றேகால் அடி நிற்கிறது. சிங்காநல்லூரில் ஒரு காம்பவுண்டிலிருந்து வேப்பங்கிளை ரோட்டுக்கு வந்திருக்கிறது, நேராகப் போய் அதில் கொடுத்துவிட்டேன். இடது பக்கத்துக் கிளை. பிள்ளை தலையெல்லாம் வேப்பிலை. இறங்கிச் சிரித்தாள், அப்புறம் சிரிக்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தக் கெளை தெரியலீங்களாப்பா?"

"தெரியாம என்ன. அவ்வளவு தாழ வரும்னு நெனைக்கல."

காரணம்: மரம் வைத்தவனுக்கு வெட்டத் துப்பில்லை.

ஜூன் 14, சனி

இன்று ஒரு வேலை செய்தேன், நானே சொல்லக்கூடாது, அருமையான வேலை.

மூன்று இன்ச் பிவிசி குழாய், நாலேகால் அடி. கீழ் முனையில் மூடியை ஒட்டிவிட்டேன், மேல் முனைக்குத் திருகு மூடி. உள்ளே முழுக்க ஸ்பான்ஜ், குச்சிகள் ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் ஒரு தடுப்பு. ஈரத்தை உறிஞ்ச, மோட்டார் பெட்டிகளில் வருகிற அந்தக் குருணைப் பாக்கெட் நாலு. சைக்கிள் ட்யூப்பை வெட்டி மூன்று பட்டை.

வண்டியில் எங்கே கட்டுவது என்று ஒரு மணிநேரம் யோசித்தேன். வலப்பக்கம் சைலென்சர் இருக்கிறது. அந்தச் சூடு தினமும் பட்டால் மரம் நெளிந்துவிடும். அதனால் இடப்பக்கம்தான். சேலை கார்டுக்கு மேலாகச் சாய்வாக வைத்து, மூன்று இடத்தில் இறுக்கினேன். பின்முனை மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

மௌனிகா வந்து குழாயைத் தடவிப் பார்த்தாள். "அப்பா, சூப்பருங்ப்பா. இதுல என்னையவே வச்சு மூடி அனுப்பலாம்."

கொஞ்ச நேரம் கழித்து, "இதையும் லெஃப்ட்லதான் கட்டணுமா?" என்றாள். சைலென்சர் விவரத்தைச் சொன்னேன். சரிங்ப்பா என்று உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 18, புதன்

குறை: குழாயின் பின்மூடியில் கீறல். சிங்காநல்லூரில் கொய்யாப்பழ வண்டியில் உரசியது.

காரணம்: ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிற தள்ளுவண்டிக்காரர்.

நடவடிக்கை: அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டேன். அவர் திருப்பி எட்டு வார்த்தை கேட்டார். "கண்ணை எங்கண்ணா வெச்சுட்டு ஓட்டறீங்க? நான் என்ன ரோட்டு நடுவுலயா நிக்கறேன்?" என்றார். மௌனிகா இறங்கி, உருண்டுபோன பழங்களைப் பொறுக்கி அடுக்கிக் கொடுத்தாள்.

குச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும் டீப்பாய்க் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தேன். கொஞ்சம் வளைந்திருந்தாலும் உருளும்போது துள்ளும். தண்ணீர் மாதிரி ஓடியது. குழாய் அவ்வளவு உறுதி.

ஜூன் 21, சனி

இன்று காலை தோசை. சட்னி வைக்காமல் போய்விட்டாள். "சட்னி எங்க?" என்று சத்தம் போட்டேன். சாந்தாமணி வந்து நின்று, தட்டை ஒரு சுற்றுத் திருப்பி வைத்தாள். சட்னி தட்டிலேயேதான் இருந்தது.

சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனால் மனுசனுக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 24, செவ்வாய்

மௌனிகாவுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பின்னால் உட்கார்ந்துகொண்டு என் இடது தோளைத் தட்டுகிறாள். ஒரு தட்டு என்றால் பக்கத்தில் ஏதோ வருகிறது. ரெண்டு தட்டு என்றால் ரொம்பப் பக்கம். பஸ், ஆட்டோ, மாடு, எல்லாவற்றுக்கும் தட்டு.

"நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்சப்ப நீ பொறக்கவே இல்ல கண்ணு" என்றேன்.

"தெரியுமுங்ப்பா. சும்மா குழாய் இடிக்கக் கூடாதுன்னுதான். பின்னாடி நீட்டிட்டு இருக்குதுல்ல?"

குழாய்க்காக என்கிறாள், சரி. வீட்டிலிருந்து கிளப் போவதற்குள் எண்ணினேன், பதினேழு தட்டு. எரிச்சலாக இருந்தது.

ஜூன் 30, திங்கள்

கம்பெனியில் என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். ஃபைனலில் போன வாரம் நான் பாஸ் போட்டு அனுப்பிய, பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லரில் பதினோரு உருப்படி திரும்பி வந்துவிட்டதாம், விளிம்பு உடைந்து. எடுத்துக் காட்டினார்கள். உடைசல் பெரிதாகத்தான் இருந்தது. டேபிளுக்கு மேலே இருக்கிற ட்யூப்லைட் மினுக்குகிறது என்று நாலு மாதமாகச் சொல்கிறேன், யார் கேட்கிறார்கள்?

வீட்டில் சொல்லவில்லை. ஸ்டோரில் உட்கார்ந்த இடத்தில் வேலை, நல்லதுதான்.

ஜூலை 4, வெள்ளி

சாயங்காலம் கூட்டி வரப் போனபோது பெனடிக்ட் வெளியே வந்தார். எப்போதும் சிரித்த முகம், இன்று இல்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா? மோனி காலைல வந்ததும் முதல் அரைமணிநேரம் ஒரு பந்தையும் குழியில போட மாட்டேங்கறா. கையி நடுங்குது. உள்ள வந்து தண்ணி குடிச்சுட்டு, செவுத்துல சாஞ்சு நிக்கறா. அப்பறம் பதினோரு மணிக்கு மேல பாத்தீங்கன்னா ஊர்ல அவளை அடிக்க ஆளில்லை. தேர்வு காலைல ஒம்பது மணிக்குங்ணா. அதான் எனக்குக் கவலை."

காலையில் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சொன்னேன். வேறு என்ன இருக்க முடியும்? நாளை முதல் ரெண்டு முட்டை.

இவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டுபோய் விடுகிறோம், குச்சி நேராக இருந்து என்ன, கை நடுங்கினால் எல்லாம் வீண். வண்டியில் வரும்போது மெதுவாகவே ஓட்டினேன். அப்படியும் தட்டு இருபத்திரண்டு.

ஜூலை 8, செவ்வாய்

மழை. குழாய்க்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஜூலை 10, வியாழன்

மௌனிகாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. நான் மட்டும் போனேன். குழாய் இல்லை, அலட்டல் இல்லை, ஜாலியாகப் போகலாம் என்றுதான் கிளம்பினேன்.

சிங்காநல்லூர் சிக்னலில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். ஏன் என்று எழுதத் தெரியவில்லை. தோளில் ஒன்றும் படவில்லை, ஆனால் இடப்பக்கமிருந்து எல்லாம் திடீர் திடீரென்று முளைத்தன. ஒரு பஸ்ஸின் பக்கவாட்டு முழுசாக முகத்துக்கு நேரே வந்து நின்றது. கால் மணிநேரம் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு, அங்கிருந்து ஹோப் காலேஜ் வரை ஒரு டவுன் பஸ்ஸின் பின்னாலேயே போனேன். அது நின்ற இடத்திலெல்லாம் நானும் நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மௌனிகா போர்வையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல்காரி காற்றில் உட்காரலாமா என்று திட்டினேன். "வந்துட்டீங்களாப்பா" என்று எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 12, சனி

"கிளம்பலாங்ளாப்பா?" என்று ஹெல்மெட்டோடு வந்து நின்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் லேசாகச் சுட்டது. இன்று வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தோளில் முதல் தட்டு விழுந்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது.

ஜூலை 19, சனி

சாந்தாமணி விடவில்லை. போன வாரம் தாளித்த எண்ணெயை நான் கையில் ஊற்றிக்கொண்டேன், அன்றிலிருந்து கண் ஆஸ்பத்திரி, கண் ஆஸ்பத்திரி என்று உயிரை எடுத்துவிட்டாள். படிக்கிற கண்ணாடியை மாற்ற வேண்டியதுதான் என்று நானும் போனேன்.

எழுத்தெல்லாம் கடைசிக்கு முந்தின வரி வரை கடகடவென்று படித்தேன். டெஸ்ட் எடுத்த பெண் ஆச்சரியப்பட்டிருப்பாள். பிறகு ஒரு மெஷினில் தாடையை வைத்து உட்கார வைத்தார்கள். ஒரு கண்ணை மூடிவிட்டு, கையில் ஒரு பொத்தான் கொடுத்தார்கள். உள்ளே நடுவில் ஒரு புள்ளியையே பார்க்க வேண்டும், சுற்றிலும் எங்கே வெளிச்சம் மின்னினாலும் அமுக்க வேண்டும். நான் நேர்மையாக உட்கார்ந்திருந்தேன். மெஷின்தான் சரியில்லை. எப்போதாவது ஒன்று மின்னும், அப்புறம் ரொம்ப நேரத்துக்கு ஒன்றுமே வராது. "மெஷின் நின்னு போச்சுங்க போல" என்று சொன்னேன். "ஓடிட்டுத்தான் இருக்குதுங்க சார், நேரா பாருங்க" என்றாள்.

ரிப்போர்ட்டில் ரெண்டு வட்டம். பாதிக்குமேல் கறுப்பு. இடது கண் வட்டத்தில் வெள்ளையைத் தேட வேண்டியிருந்தது.

டாக்டரம்மா சின்ன வயசு. பிரஷர் என்றார், கண்ணில். பல வருடமாக இருந்திருக்கும் என்றார். போனது போனதுதான், திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து என்றார். வண்டி பற்றியும் ஏதோ சொன்னார்.

ஜூலை 20, ஞாயிறு

சொட்டு மருந்து காலை ஒன்று, ராத்திரி ஒன்று. எரிகிறது.

ஜூலை 21, திங்கள்

வண்டி பற்றி அந்த அம்மா சொன்னது, இனிமேல் தொடக்கூடாது என்று. சாந்தாமணியும் பக்கத்தில்தான் இருந்தாள். எழுதாமல் விட்டால் இல்லை என்று ஆகிவிடாது, அதனால் எழுதிவிட்டேன்.

சாவியை எடுத்து ஒளித்துவிட்டாள். இன்று காலை சண்டை.

"இருவத்தேழு முடியட்டும். அதுக்கப்பறம் வண்டிய வித்துப் போடு, நான் கேக்க மாட்டேன். ஆறு நாளு. புள்ளையோட கடைசி சான்ஸு இது. குழாயத் தூக்கிட்டு அவ பஸ்ல தொங்கறதா?"

"புள்ளையோட சான்ஸுன்னா புள்ளைகிட்டயே கேளுங்க."

மௌனிகா ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "நான் பின்னாடிதானம்மா இருக்கறேன். பாத்துக்கறேன்" என்றாள். சாந்தாமணி சாவியைத் தரையில் போட்டுவிட்டுப் போனாள்.

எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷம். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 23, புதன்

ஹோப் காலேஜ் டீக்கடையில் நம் கம்பெனி சிவசண்முகமும் ரெண்டு பயல்களும் நின்றிருந்திருக்கிறார்கள். நாங்கள் வந்து நின்றதைப் பார்த்துவிட்டார்கள். கம்பெனி கேட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னங்ணா, தோள்ல தட்டினா லெஃப்ட்ல பாத்து ஓட்டறீங்க? பொண்ணுதான் ஸ்டியரிங்கா? ரைட்டுக்கு எங்க தட்டோணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டோருக்கு மாற்றியதே அதற்குத்தானோ என்று ஒருவன் கேட்டான். நானும் சிரித்து வைத்தேன். உள்ளே போய் ரேக்குக்கு நடுவில் நின்றேன். அழுகை வந்தது. ஐம்பத்து மூன்று வயதில் பேரிங் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுகிறேன், என்ன கேவலம்.

சாயங்காலம் வண்டியை எடுத்ததும் அவளிடம் சொன்னேன். "இனிமே தட்டாதே. எனக்குத் தெரியும். ஊரே பாத்துச் சிரிக்குது."

"சரிங்ப்பா" என்றாள்.

வழியெல்லாம் தட்டவில்லை. ஒன்றும் ஆகாமல் வந்து சேர்ந்தோம். நான் சொன்னேனா இல்லையா?

ஜூலை 25, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை.

நேற்றுக் காலை எட்டேகால். காமராஜர் ரோடு. பஸ் ஸ்டாப்பில் ஆட்கள் ரோட்டில் இறங்காமல் இருக்க இரும்புக் கம்பித் தடுப்பு போட்டிருக்கிறார்கள், அது இடப்பக்கம். பத்தொன்பது வருடமாகப் போகிற ரோடு, எனக்கு அந்தக் கம்பி அங்கே இருப்பது தெரியும். எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

அவள் கை என் தோளுக்கு வந்தது. வந்து, படாமல் நின்றது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தட்டாதே என்று சொல்லியிருந்தேனே, பிள்ளை ஒரு நிமிடம் யோசித்திருக்கிறாள். நிமிடம்கூட இல்லை, கண்ணிமைக்கிற நேரம். "அப்பா!" என்று கத்தினாள். நான் பிரேக்கை மிதித்தேன். குழாய் முனை கம்பியில் மாட்டி, வண்டி அப்படியே இடப்பக்கம் சாய்ந்தது. கம்பிக்கும் குழாய்க்கும் நடுவில் அவளுடைய இடது கை.

பூலில் வலது கை குச்சியைத் தள்ளும். இடது கைதான் மேஜைமேல் ஊன்றி, குச்சியைத் தாங்கி, வழி காட்டும். மணிக்கட்டில் ரெண்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் கட்டு.

எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவ்வளவுதான். தலை உடைந்திருக்கக் கூடாதா எனக்கு?

ஆஸ்பத்திரியில் ரெஜிஸ்டரில் எழுத, எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள். "நாய் குறுக்க வந்துருச்சுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க. செவலை நாய்" என்றேன். அதற்கு நிறம் வேறு கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? குழாயைத் திறந்து குச்சிகளை எடுத்துக் கண்ணாடி மேல் உருட்டினேன். ரெண்டும் தண்ணீர் மாதிரி ஓடின. ஒரு கீறல் இல்லை. குழாயைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அது உடையவில்லை. சாந்தாமணி வந்து கையிலிருந்து வாங்கி வைத்தாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஜூலை 27, ஞாயிறு

வேண்டாம் என்று நாங்கள் ரெண்டு பேரும் சொல்லியும் கேட்கவில்லை. தேர்வைப் பார்க்கப் போகணும் என்று நின்றாள். மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். கழுத்தில் தொட்டில் கட்டித் தொங்குகிற கையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு நல்ல அடிக்கும் வலது கையால் தொடையில் தட்டினாள். பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு பெண் தேர்வானாள். நன்றாகத்தான் ஆடினாள். மௌனிகா எழுந்து போய் அவளிடம் கை கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவள் என்ன தப்பு செய்தாள், ஒன்றுமில்லை. இருந்தாலும் பிடிக்கவில்லை.

வெளியே வந்தபோது பெனடிக்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தார்.

"ஒண்ணு மட்டும் புரியலீங்ணா. எதுக்குங்ணா தெனமும் அந்தக் குழாயக் கட்டிட்டுத் திரிஞ்சீங்க? கிளப்புல லாக்கர் இருக்குதே. க்யூ குடுத்த அன்னிக்கே அவளுக்கு ஒரு சாவியும் குடுத்தனே. எல்லாப் பசங்களும் அங்கதான் வெச்சுட்டுப் போறாங்க. கைய வீசிட்டு வந்து கைய வீசிட்டுப் போலாமில்ல? இவதான் வேண்டவே வேண்டாம்னுட்டா. எங்கப்பா குழாயெல்லாம் செஞ்சுட்டாருன்னு சொல்லிட்டு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. படிக்கட்டிலேயே உட்கார்ந்தேன். சாந்தாமணி தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். மௌனிகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், இடப்பக்கம். கொலுசுச் சத்தத்தில்தான் தெரிந்தது.

"லாக்கர் இருந்துதாமே கண்ணு."



"குச்சியை அங்கயே வெச்சுட்டு நீ பஸ்லயே போயிருக்கலாமே. கை நடுங்க நடுங்க எதுக்குச் சாமி என் பின்னால ஏறுன?"

கட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மார்ச் மாசத்துல கடைக்குப் போறப்ப, பால்காரர் கேனை இடிச்சுட்டுப் போனீங்கப்பா. லெஃப்ட்ல. நான் பின்னாடி உக்காந்துட்டு இருந்தேன். கேன் உருண்டு, பாலெல்லாம் ரோட்ல ஓடுது, அந்தாளு கத்தறாரு. நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. இடிச்சதே உங்களுக்குத் தெரியலப்பா. அப்படியே பாட்டுப் பாடிட்டுப் போறீங்க."

எனக்கு அந்தக் கேன் ஞாபகமே இல்லை.

"சொன்னா நீங்க கேப்பீங்களா? சண்டைக்கு வருவீங்க. வண்டிய விடவும் மாட்டீங்க. நான் பஸ்ல போனா நீங்க தனியாத்தானப்பா கம்பெனிக்குப் போவீங்க. ஹோப் காலேஜ் வரைக்குமாச்சும் நான் பின்னாடி இருந்தா..." தொட்டில் முடிச்சை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "அதுக்கப்பறம் ஒண்ணரைக் கிலோமீட்டரு. நீங்க போயிச் சேந்திருப்பீங்கன்னு நெனைக்கற வரைக்கும் கையி நிக்காதுப்பா. அதான்."

முட்டை கொடுத்தேன் நான். ரெண்டு முட்டை.

 மன்னிச்சுக்க என்று சொல்லலாம், அதைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது? அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் கட்டுப் போட்ட கை. சாந்தாமணி தண்ணீர் பாட்டிலோடு வந்து எங்கள் ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு, இன்னொரு படியில் உட்கார்ந்தாள்.

வண்டிச் சாவியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டேன். விற்றுவிடு என்றேன்.

"நாளைக்கு வேலைக்கு எப்படிப் போவீங்க?" என்றாள் சாந்தாமணி.

"பஸ்லதான். ஹோப் காலேஜ்ல எறங்கி அடுத்த பஸ்."

"நானும் வாரேன்" என்றாள் மௌனிகா.

"நீ எதுக்குக் கண்ணு? கையில கட்டு. கிளப்புக்குப் போயி என்ன பண்ணப்போற? பஸ்ஸை நானா ஓட்டறேன்?"

"பஸ் மாறணும்னா அந்த ரோட்டைத் தாண்டணுமில்லப்பா?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இதை எழுதுகிற வரைக்கும் சொல்லிப் பார்க்கிறேன், வாய் வரவில்லை.